தெருவே குப்பையைப் பிரிக்கணுமா? ஒத்தாசை மனசிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் தெருவில் 34 வீடுகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு கேட்டிலும் மாட்டினோம். பச்சை நிறத்தில் பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கைகள், கீழே ‘நம் பூமியைக் காப்போம், குப்பையைப் பிரிப்போம்’ என்று கொட்டை எழுத்து. அச்சு நன்றாகவே வந்திருந்தது. மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகக் கொடுத்தது 5 வீடு. அதில் நான்கு, நோட்டீஸ் அடித்த எங்கள் வீடுகள்.

அப்புறம் ஒரு நாள் காலையில், குப்பை வண்டி தள்ளி வரும் அக்கா வலது உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். எதிர் வீட்டுப் பாட்டி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார்.

“என்ன கண்ணு, கையில?”

“டியூப்லைட்டுங்கம்மா. சாத்துக்குடிச் சக்கைக்குள்ள கெடந்துச்சு. தெரியாம கைய உட்டுட்டேன்.”

எந்த வீட்டு டியூப்லைட் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த வாரமே சில வீடுகளிலிருந்து உடைந்த கண்ணாடி பேப்பரில் சுற்றி, மேலே பேனாவால் ‘கண்ணாடி’ என்று எழுதி வந்தது. பூமியைப் பற்றி ஒருவர்கூட மூச்சுவிடவில்லை.

அந்த அக்காவின் கைக்கட்டு செய்ததை எங்கள் நோட்டீஸ் ஏன் செய்யவில்லை என்று தேடிப் படிக்கப் போய்த்தான் இந்த வழிகாட்டி உருவானது. இன்றைக்கு எங்கள் தெருவில் 27 வீடு பிரித்துக் கொடுக்கிறது. உங்கள் தெரு, அபார்ட்மென்ட், காம்பவுண்டு வீடு எதுவானாலும் இதே வரிசையில் முயன்று பார்க்கலாம்.

ஒத்தாசையும் சூழல் காப்பதும் ஒரே மனசு

தெருவில் ஒருவருடைய ஸ்கூட்டர் நின்றுபோனால் தள்ளிவிடுகிறோம். நமக்கு இரண்டு நிமிஷம் போகிறது, பலன் அவருக்கு. குப்பையைப் பிரிப்பதும் இதே கணக்குதான். சிரமம் நமக்கு, பலன் வேறு யாருக்கோ. ஸ்கூட்டர்காரர் கண் முன்னால் நிற்கிறார், அந்த ‘வேறு யாரோ’ நிற்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஃப்ளோரியன் கைசர், கதர்ஸினா பிர்கா என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் இதைச் சோதித்தார்கள். அன்றாட வாழ்க்கையில் சூழலுக்காக அதிகம் மெனக்கெடுபவர்களையும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாதவர்களையும் ‘எனக்கா, எல்லோருக்குமா’ என்று முடிவெடுக்க வேண்டிய விளையாட்டுகளில் உட்கார வைத்தார்கள். சூழலுக்காக மெனக்கெடுபவர்கள்தான் விளையாட்டிலும் அதிகம் விட்டுக்கொடுத்தார்கள், ஒத்துழைத்தார்கள். மரம் செடி மேல் பாசம் என்று நாம் தனியாகப் பெயர் வைக்கும் குணத்தில் பெரும் பங்கு, மனிதர்கள் மேலுள்ள அக்கறைதான் போலிருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் இருக்கும் அந்த அக்கறை எப்போது விழித்துக்கொள்கிறது? ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். என் செயலால் இன்னொருவருக்குப் பாதிப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான்தான் பொறுப்பு என்று படவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மனசாட்சி உறுத்தும், கை அசையும். எங்கள் நோட்டீஸை இப்போது பாருங்கள். பாதிப்பு ‘பூமி’க்கு. பூமிக்கு உள்ளங்கை கிடையாது. பொறுப்பு ‘நம்’முடையது. 34 வீட்டுக்கும் பொதுவான ‘நம்’ என்றால் ஒரு வீட்டுக்கும் உரியது அல்ல.

பிப் லடானே, ஜான் டார்லி 1968இல் செய்த புகைச் சோதனை இந்த இரண்டாவது ஓட்டையை நன்றாகக் காட்டுகிறது. ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவரைச் சுற்றி மெல்லப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75% பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். புகையைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்த இரண்டு பேருக்கு நடுவில் இருந்தவர்களில் 10% பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டே எழுதினார்கள். கலந்த குப்பை வாசலில் தொங்கும் தெருவில் குடியிருப்பதும் ஏறக்குறைய அதேதான். அக்கம்பக்கம் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, நமக்கென்ன வந்தது?

படி 1: வாயைத் திறப்பதற்கு முன் எண்ணுங்கள்

ஒரு வாரம் வண்டியோடு கூடவே நடங்கள். எந்த வீடு பிரித்துக் கொடுக்கிறது, எது கலந்து கொடுக்கிறது, எது கொடுக்காமல் காலி மனையில் வீசுகிறது என்று பார்த்து வீட்டு எண்ணுக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். அந்த நோட்டை யாருக்கும் காட்டாதீர்கள். பிற்பாடு ‘எவ்வளவு மாறியிருக்கிறது’ என்று சொல்ல இந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. கூட நடக்கும்போது வேறொரு லாபமும் உண்டு. எந்த வீட்டில் யார் குப்பை கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். முடிவெடுப்பவர் ஒருவர், பையை எடுத்து வருபவர் வேறொருவர் என்றால், கையில் பையோடு வருபவரிடம்தான் நீங்கள் பேச வேண்டும்.

படி 2: ஒரு முகத்தைக் காட்டுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் இருவரும் 2011இல் ஒரு மருத்துவமனை ஆய்வை வெளியிட்டார்கள். கை கழுவும் இடத்தில் இரண்டு விதமான அட்டைகள். ஒன்று, கை சுத்தமாக இருந்தால் உங்களுக்கு நோய் வராது என்றது. மற்றொன்று, நோயாளிகளுக்கு நோய் வராது என்றது. நோயாளியைச் சொன்ன அட்டை இருந்த இடத்தில்தான் சோப்பு அதிகம் தீர்ந்தது. தன் உடம்பைப் பற்றி ‘நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று நினைக்கிற அதே டாக்டரும் நர்ஸும் எதிரில் படுத்திருப்பவருக்காகக் கழுவினார்கள்.

பால் ஸ்லோவிக்கும் அவருடைய சகாக்களும் 2007இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் பசியில் இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் நன்கொடை கொடுத்தார்கள். சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை குறைந்தது. ஆகவே ‘இத்தனை டன் குப்பை’ என்ற கணக்கை நோட்டீஸிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்றுப் போகாமல் அமுங்கிய ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது, அது குப்பைக் கிடங்கில் தீ பரவ உதவுகிறது என்பதெல்லாம் உண்மை. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடியிலும் 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்தன. அதையும் சொல்லலாம், ஆனால் அப்புறம்.

முதலில் செய்ய வேண்டியது, வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரின் பெயரைத் தெருவுக்குத் தெரியவைப்பது. ‘குப்பைக்காரம்மா’ என்று கூப்பிடும் வரைக்கும் அவருக்கு முகம் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால், ஒரு நாள் வேலை முடிந்த நேரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் டீ வையுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போதும். பேச்சுப் போட்டி மாதிரி ஆக்காமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்க குப்பையில எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?” எங்கள் தெரு அக்கா கண்ணாடியை முதலில் சொல்வார் என்று நினைத்தோம். அவர் சொன்னது நாப்கினும் டயப்பரும். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள்.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய கைக்கட்டைப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மடமடவென்று கும்பிடு பொம்மைகளும் அழுகிற பொம்மைகளும் வந்து குவிந்தன. மறுநாள் அவர், “எதுக்குங்க அதப் போட்டீங்க? எம் பையன் ஸ்கூல்ல எவனோ காட்டியிருக்கான்” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முகம் காட்டுவது என்றால் பெயரும் மரியாதையும்தான். காயத்தைக் காட்சிப்பொருள் ஆக்கினால் பரிதாபம் வரும், ஒத்தாசை வராது. போட்டோ வேண்டவே வேண்டாம்.

படி 3: ஒரே ஒரு சின்ன வேலை கேளுங்கள்

2016ஆம் வருஷத் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து போன்ற வீட்டு அபாயக் கழிவு. முதல் நாளே இந்த மூன்றையும் கேட்டால் ஆள் ஓடிவிடும்.

ஜானதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் 1966இல் கலிபோர்னியாவில் வீடு வீடாகப் போய், வாசலில் ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அசிங்கமான பலகையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் 17%. சில நாட்களுக்கு முன்னாலேயே இதே விஷயத்தைச் சொல்லும் கையகல ஸ்டிக்கர் ஒன்றை ஜன்னலில் ஒட்டச் சம்மதித்திருந்தவர்களில் 76% பேர் பெரிய பலகைக்கும் சரி என்றார்கள். ‘கலிபோர்னியாவை அழகாக வைத்திருப்போம்’ என்ற மனுவில் கையெழுத்து மட்டும் போட்டவர்களில்கூட ஏறத்தாழ பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மனுவுக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. ‘நான் பொது விஷயத்தில் ஒத்துழைக்கிற ஆள்’ என்று அவர்கள் தங்களைத் தாங்களே பார்க்கத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் முதல் மாதம் கேட்டது இது ஒன்றுதான்: நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடி மூன்றையும் பேப்பரில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். சிவப்புப் புள்ளி என்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல, பெங்களூரில் ஏற்கனவே நடந்த பழக்கம். கலந்த குப்பையைப் பற்றி அந்த மாதம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது மாதம்தான் ஈரக்குப்பைக்குத் தனிக் கூடை கேட்டோம். சிவப்புப் புள்ளி வைத்த வீடுகளில் பெரும்பாலானவை மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை: சின்ன வேலை என்பது உண்மையிலேயே எதிரில் இருப்பவருக்கு உதவுகிற வேலையாக இருக்க வேண்டும். ‘உறுதிமொழி எடுத்து செல்ஃபி அனுப்புங்கள்’ மாதிரி ஒன்று கேட்டால், அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று போய்விடுவார்கள்.

படி 4: யாரை முதலில் பிடிப்பது

சங்கத் தலைவரை அல்ல. அவர் சொன்னால் ‘சரிங்க’ என்பார்கள், செய்ய மாட்டார்கள். வண்டி வருகிற நேரத்தில் வாசலில் நிற்கிற ஆள் யாரோ அவரைப் பிடியுங்கள். எங்களுக்கு அந்தக் கோலப்பொடிப் பாட்டி வாய்த்தார்.

1983இல் எலியட் ஆரன்சனும் மைக்கேல் ஓலேரியும் ஒரு பல்கலைக்கழக ஆண்கள் குளியலறையில் ஒரு சோதனை செய்தார்கள். ‘சோப்புப் போடும்போது தண்ணீரை நிறுத்துங்கள்’ என்று சுவரில் எழுதி வைத்தபோது கடைப்பிடித்தவர்கள் 6%. எழுத்தைப் பெரிதாக்கி நடுவில் நிறுத்தியபோது 19%. ஒரு மாணவர் பேசாமல் அங்கே நின்று தண்ணீரை நிறுத்திவிட்டுச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது 49%. இரண்டு பேர் அப்படிச் செய்தபோது 67%. ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஷான் பர்ன் 1991இல் வெளியிட்ட ஆய்வு நம் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் ஊரில், மறுசுழற்சிக்குக் கொடுக்காத வீடுகளில் ஒரு பகுதிக்கு நோட்டீஸ் மட்டும் போனது. இன்னொரு பகுதிக்கு, அதே தெருவில் ஏற்கனவே கொடுத்துவரும் ஒருவர் நேரில் போய்ப் பையையும் கொடுத்துச் சொன்னார். நோட்டீஸ் போன வீடுகளில் வாரத்துக்குச் சராசரியாக 12% கொடுத்தன. அக்கம்பக்கத்தார் போன வீடுகளில் 28%. எதுவும் செய்யாத வீடுகளில் 3%.

பாட்டி ஒரு கூட்டமும் போடவில்லை. காலையில் பச்சைக் கூடையை வாசற்படியின் இடது பக்கமும் நீலக் கூடையை வலது பக்கமும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைப்பார், அவ்வளவுதான். கூடையைக் கேட்டுக்கு உள்ளே வைத்தால் பிரிக்கும் வேலை நடக்கும், பரவாது. இந்தத் திட்டத்தில் செலவில்லாத, பலன் அதிகமான ஒரே உத்தியைக் கேட்டால் இதைச் சொல்வேன்: கூடையை வெளியே வையுங்கள்.

படி 5: நோட்டீஸில் எதை எழுதக் கூடாது

‘தெருவில் பெரும்பாலானோர் குப்பையைப் பிரிப்பதில்லை, வெட்கக்கேடு!’ எங்கள் இரண்டாவது நோட்டீஸ் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. முதலாவதைவிட மோசம் இது. படிப்பவர் வெட்கப்படுவதில்லை. ‘ஓ, யாருமே செய்யலையா’ என்று நிம்மதி அடைகிறார்.

அமெரிக்காவின் அரிசோனாவில் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது அங்கே பெரிய தலைவலி. ராபர்ட் சியால்டினி குழுவினர் குறியிட்ட துண்டுகளைப் பாதையில் போட்டு, இரண்டு வகைப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். ‘முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துப் போய்ப் பூங்காவின் நிலையை மாற்றிவிட்டார்கள்’ என்ற பலகை இருந்தபோது ஏறக்குறைய 8% துண்டுகள் காணாமல் போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 2%கூட இல்லை. எல்லோரும் திருடுகிறார்கள் என்று பலகை வைத்து, பூங்கா தானே திருடக் கற்றுக்கொடுத்தது.

இதே ஆட்கள் ஹோட்டல் அறைகளிலும் துண்டு பற்றி ஆராய்ந்தார்கள். இது குளிக்கும் துண்டு. ‘சூழலைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்ற அட்டைக்கு 35% பேர் இணங்கினார்கள். ‘இந்த ஹோட்டலில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் மறுபடி பயன்படுத்தினார்கள்’ என்பதற்கு 44%. ‘இதே அறையில் தங்கியவர்கள்’ என்று சொன்னபோது 49%. அறை எண்ணில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் ‘நம்ம ஆளுங்க’ என்று நினைக்க மனசுக்கு அவ்வளவு சின்னக் காரணம் போதும். ஆகவே ‘தமிழ்நாட்டில்’ என்று எழுதாதீர்கள், ‘நம் வார்டில்’கூட வேண்டாம். ‘கிழக்கு வரிசையில்’ என்று எழுதுங்கள்.

சரி, உண்மையிலேயே பெரும்பாலானோர் செய்யாதபோது என்ன எழுதுவது? பொய் சொல்லக் கூடாது, பிடிபட்டுவிடும். அப்போது படி 1இல் எடுத்த கணக்கு கை கொடுக்கும். கிரெக் ஸ்பார்க்மனும் கிரிகரி வால்டனும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அசைவத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் ஒரு பங்குதான் என்றாலும் ‘குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்’ என்று மாற்றத்தைச் சொன்னபோது, உணவக வரிசையில் நின்றவர்களில் அசைவமில்லாத சாப்பாட்டை வாங்கியவர்கள் 17%இலிருந்து 34% ஆனார்கள். நிலவரத்தைவிட அது போகும் திசை பேசுகிறது. எங்கள் மூன்றாவது நோட்டீஸ் அரைப் பக்க வெள்ளைத்தாளில், கையால் எழுதியது: ‘தை மாதம் 5 வீடு. மாசியில் 11 வீடு. பங்குனியில் உங்கள் வீடும் சேர்ந்தால் 12.’

படி 6: தெருமுனைப் பலகை

மாதம் ஒரு எண், பிரித்துக் கொடுத்த வீடு எத்தனை என்று, தெருவுக்கு மொத்தமாக. வீட்டு எண்ணோ பெயரோ வேண்டாம். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வெஸ்லி ஷுல்ட்ஸ் குழுவினர் வீடுகளுக்கு, ‘நீங்கள் இவ்வளவு மின்சாரம், உங்கள் அக்கம்பக்கம் சராசரி இவ்வளவு’ என்று சீட்டு அனுப்பினார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ சராசரியை நோக்கி ஏறிவிட்டார்கள்! சீட்டில் ஒரு சிரிக்கும் முகத்தை வரைந்தவுடன் அந்த ஏற்றம் நின்றது. நன்றாகச் செய்பவருக்கு ‘பார்த்தோம், சந்தோஷம்’ என்று ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. எங்கள் தெருவில் வண்டி அக்காவே அதைச் செய்கிறார். சுத்தமாகப் பிரித்த கூடையைத் திருப்பிக் கவிழ்த்து வைப்பார், கலந்ததை நிமிர்த்தி வைப்பார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது.

படி 7: அபராதம் போடலாமா?

எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து ‘நூறு ரூபா ஃபைன் போடுங்க, தன்னால வழிக்கு வருவாங்க’ என்பார். அவருக்குப் பதில் சொல்ல இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள் இருக்கின்றன. பெற்றோர் தாமதமாக வந்து ஆசிரியைகளைக் காக்கவைத்தார்கள். யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற பொருளியலாளர்கள் 10 காப்பகங்களில் 6இல் தாமதத்துக்கு 10 ஷெக்கல் அபராதம் போடச் செய்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை ‘பாவம், டீச்சர் காத்திருப்பாங்க’ என்று ஓடி வந்தவர்கள், ‘காசு கொடுத்தாச்சே’ என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. ஒத்தாசையை ஒருமுறை விலைக்கு விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடிவதில்லை.

அப்படியானால் காசு எப்போதும் தப்பா? இல்லை. அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பைகளின் பயன்பாடு 90%க்கு மேல் சரிந்தது. 15 சென்ட் அங்கே பெரிய காசு இல்லை. அந்த வரி ஒவ்வொரு கடையிலும் கேட்கப்பட்ட கேள்வி, ‘பை வேணுமா?’ எல்லோர் முன்னாலும் ‘வேணும்’ என்று சொல்ல வேண்டும். போதாததற்கு, வரிப்பணம் சூழல் நிதிக்குப் போகிறது என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஹைஃபாவில் காசு கொடுத்ததும் குற்ற உணர்ச்சி போனது. அயர்லாந்தில் காசு கொடுக்கும்போதுதான் குற்ற உணர்ச்சி வந்தது. என் தீர்ப்பு: தெரு அளவில் அபராதம் வேண்டாம். அக்கம்பக்கத்தாரிடம் நூறு ரூபாய் வசூலிக்கப் போய் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன தெருக்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 8: பிரிக்காத வீடுகள்

பொது நிதிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடும் சோதனைகளில், மற்றவர்கள் போட்டால் நானும் போடுவேன் என்கிறவர்கள் ஏறக்குறைய பாதி. எதுவானாலும் போட மாட்டேன் என்கிறவர்கள் சுமார் 30%. உர்ஸ் ஃபிஷ்பாக்கர் குழுவினர் 2001இல் சொன்ன கணக்கு இது. சோதனை அறைக் கணக்கை அப்படியே தெருவில் வைக்க முடியாது, ஆனாலும் என் அனுபவத்தில் ‘மாட்டேன்’ போலத் தெரிகிற வீடுகளில் பாதி ‘முடியவில்லை’ வீடுகள். மூன்று பசங்கள் சேர்ந்து தங்கியிருந்த மாடிப் போர்ஷனைத் திமிர் பிடித்தவர்கள் என்றே நினைத்திருந்தோம். போய்க் கேட்டால் ராத்திரி ஷிப்ட். வண்டி வரும் நேரத்தில் தூக்கம். கீழ் வீட்டு அண்ணன் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு கூடை வைக்க இடம் கொடுத்தார், பிரச்சினை தீர்ந்தது. வேறொரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அந்த வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டம்மா அவர்கள் பையையும் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்.

உண்மையான ‘மாட்டேன்’ வீடுகள் எங்கள் தெருவில் மூன்று மிச்சம். பொதுச் சொத்தை ஊர்மக்களே எப்படிக் காக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற ஊர்களில் எல்லாம் தண்டனை மிகச் சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாகவே கூடியது என்று கண்டார். அதன்படி எங்கள் முதல் தண்டனை, கூடை நிமிர்ந்து நிற்பது. இரண்டாவது, பாட்டியின் விசாரிப்பு: “ஒடம்பு சொகமில்லையா கண்ணு, கூடை அப்படியே இருக்குதே?” மூன்றாவது இன்னும் தேவைப்படவில்லை.

படி 9: வண்டியில் கலக்காமல் பாருங்கள்

நீங்கள் பிரித்துக் கொடுத்ததை உங்கள் கண் முன்னால் ஒரே டிரம்மில் கொட்டினால் மேலே சொன்ன எட்டுப் படியும் வீண். யாருக்காக இந்த ஒத்தாசை என்ற கேள்வி எழுந்த கணமே மனசு கையை இழுத்துக்கொள்ளும். எனவே வண்டியில் இரண்டு டிரம் இருக்கிறதா, ஈரக்குப்பை உரக்கூடத்துக்குப் போகிறதா என்று முதலிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் தெருவிடம் கேட்பதற்கு முன் அதைச் சரிசெய்யக் கேளுங்கள். முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரக்கூடத்திலிருந்து ஒரு மூட்டை உரம் வாங்கி வந்து வீட்டுக்கு ஒரு கிலோ பிரித்துக் கொடுங்கள். கொடுத்தது கைக்குத் திரும்பி வருவது பெரிய சமாசாரம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்புக் கொடுக்கிறது. இனிப்புக்காக யாரும் வெடியை விட்டுவிட மாட்டார்கள். விட்டதை யாரோ கவனிக்கிறார்கள் என்பதற்கு அந்த இனிப்பு அடையாளம்.

படி 10: பால் காய்ச்சும் நாள்

வாடகை வீடுகள் உள்ள தெருவில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 800 பேரிடம் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் குடிமாறியவர்களிடம் சூழல் பழக்கங்கள் எளிதாக ஒட்டின. அந்த வாய்ப்பு குடிவந்து மூன்று மாதம் வரைதான். நமக்கோ அந்த நாள் முன்கூட்டியே தெரியும். புதுக் குடித்தனம் பால் காய்ச்சும் நாளில் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பதற்குப் பதிலாக எங்கள் தெருவில் பச்சைக் கூடை ஒன்று, நீலக் கூடை ஒன்று, ஒரு சிவப்புப் பேனா. கூடையில் ஒட்டும் சீட்டில் விதி, வாசகம் எதுவும் கிடையாது. வண்டி வரும் நேரம் 6.45, அக்காவின் பெயர், ஞாயிறு விடுமுறை.